சுண்ணாம்பில் வரைந்த லயம்

மேலத்து லயத்தை இடித்த பிறகு அந்த இடத்தை புல்டோசர் வைத்துச் சமப்படுத்தியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது லாலான் புல்கூட இன்னும் சரியாக முளைத்திருக்கவில்லை. வெறும் செம்மண் தரை. ஓரத்தில் உடைந்த சிமெண்டுக் கால்வாய்த் துண்டு ஒன்று மட்டும் மிச்சம். முன்பு அங்கே ஒரே கூரையின் கீழ் இருபது வீடுகள் வரிசையாக இருந்தன. பதினெட்டாவதில் நான் பிறந்தேன்.

இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை அப்போது விட்டிருந்தேன். பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. எந்தச் செய்திக்கு எவ்வளவு இடம், எந்தப் படம் எந்த மூலையில் என்று அளவுகோல் வைத்துக் கட்டம் போட வேண்டும். அதை விட்ட பிறகு படம் வரைந்தேன், புகைப்படம் எடுத்தேன், மனிதர்கள் பேசுவதைக் கேசட்டில் பதிவு செய்தேன், மூன்றையும் சேர்த்து ஏதோ செய்தேன். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தது. தமிழில் யாராவது கேட்டால் நிகழ்ச்சி என்பேன். கேட்டவர்கள் உடனே, "டான்ஸ் யாரு ஆடுறா?" என்பார்கள்.

நகரத்தில் ஒரு காட்சிக்கூடம் எனக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. நான் அவர்களிடம் சொன்ன திட்டம் எளிமையானது. லயம் இருந்த தரையில் அதே லயத்தை முழு அளவில் சுண்ணாம்புக் கோடுகளாக வரைவது. அங்கே வாழ்ந்தவர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அவரவர் வீட்டுக்குள் நிற்கவைப்பது. அடுப்பு எங்கே இருந்தது, சாமிப் படம் எங்கே மாட்டியிருந்தது, யார் எங்கே படுத்தார்கள் என்று அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து, படமும் எடுத்துக் காட்சிக்கு வைப்பது. எனக்கென்று ஒரு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பதினெட்டாம் வீட்டுக்குள் நான் ஒரு முறை நிற்க வேண்டும்.

எழுபதுகளின் நடுவில் அப்பா காய்ச்சலில் இறந்தார். அம்மாவுக்கு மூச்சிரைப்பு, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனதில்லை. தோட்டத்தில் வேலை செய்பவர்களின் பெயரெல்லாம் செக்ரோல் என்ற பதிவேட்டில் இருக்கும். அதில் பெயர் இல்லாத குடும்பத்துக்கு லயத்தில் வீடு கிடையாது. கருமாதி முடிந்த சில நாட்களில் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வந்தார். வீட்டுக்கு முன்னால் ஓடும் தாழ்வாரத்தை அஞ்சடி என்போம். அவர் அஞ்சடியில் ஏறாமல் மண்ணிலேயே நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"நான் என்னாம்மா செய்யிறது. செக்ரோல்ல ஒங்க பேரு இல்லையே."

அம்மா தலையாட்டினார். அந்த வாரமே சாமான்களை லோரியில் ஏற்றினோம். சிரம்பானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அம்மாவுக்குப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. கடைக்கு மேலேயே ஓர் அறை. ஜன்னலுக்குக் கீழே பஸ்கள் திரும்பும். அதற்குப் பிறகு அம்மா தோட்டத்து வீட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. நான் கேட்டால், "அது அவங்க வீடுதானே," என்பார். அந்தப் பதிலோடு பேச்சு முடிந்துவிடும். சாகும்வரை அவர் வேறு பதில் சொல்லவில்லை.

கீழத்து லயம் மட்டும் அப்போது இன்னும் நின்றது. இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்தவர்களும் அங்கேதான் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்து, இப்போது அந்த நிலமும் கைமாறிக்கொண்டிருந்தது. வாரக் கடைசிகளில் நான் பகாவ் டவுன் வரை பஸ்ஸில் வந்து, பசாருக்குப் பக்கத்தில் தோட்டத்துக்காரர் யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது பின்னால் ஏறிக்கொள்வேன். படித்த பெண் ஒருத்தி பையோடு வந்தால் அங்கே அவள் டீச்சர்தான். நானும் டீச்சர் ஆனேன்.

என்னை அடையாளம் கண்டது ஒரே ஒருவர். பத்தொன்பதாம் வீட்டு அக்கா. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவர் கூரை வரை போகாது. அவர் வீட்டு ரேடியோவைத்தான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம். அப்போது அவர் சின்னப் பையன் ஒருவனுக்குத் தாய், விடியும் முன்னே பால் வெட்டப் போவார். இப்போது செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பதினெட்டாம் வீட்டுச் சின்னதா நீ?"

"ஆமாக்கா."

"அம்மா?"

"இல்லக்கா. போயிட்டாங்க."

உச்சுக்கொட்டினார். பிறகு என் கையில் இருந்த அளவு நாடாவைப் பார்த்தார். "கே.எல்.ல ஆபீசா?" கோலாலம்பூரைத்தான் கேட்டார்.

"ஒரு மாதிரி ஆபீசுதான்கா." விளக்கினால் நீளும் என்று அப்படிச் சொன்னேன்.

"நம்ம புள்ள ஒண்ணு ஆபீசுக்குள்ள போயிருக்கு. நல்லது லா," என்றார். அன்று அவர் எனக்குப் பெரிய குவளையில் மைலோ கலக்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் கேட்டதற்கெல்லாம் எல்லாரும் பதில் சொன்னார்கள். பத்திரிகையில் இருந்தபோது யாரும் இப்படிப் பேசிப் பார்த்ததில்லை. எத்தனை பேர் இருந்தீர்கள், சமையல்கட்டு எப்படி இருந்தது, எவ்வளவு அகலம் என்று கேட்டால் போதும். நாற்காலி போட்டு, மின்விசிறியைத் திருப்பி வைத்து, பொறுமையாகச் சொன்னார்கள். வேலையாட்களை மேற்பார்த்து ஓய்வு பெற்ற மண்டோர் ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் அதிகாலையில் வரிசையில் நின்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர். அந்தக் குரல் இன்னும் குறையவில்லை.

"எங்க வீட்ல ஒம்பது பேரும்மா. எழுதிக்கிட்டியா?"

"டேப்புல பதிவாகுதுங்க."

"டேப்பு அந்துரும். எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "சமையல்கட்டு பெருசா இருக்கணும்னு சொல்லுங்க," என்றார். இருக்கணும் என்கிறாரே என்று நான் யோசித்திருக்க வேண்டும். வயதானவர்கள் காலத்தைக் கலந்துதான் பேசுவார்கள் என்று எடுத்துக்கொண்டேன். கோலாலம்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேசட்டுகளை மடியில் வைத்திருப்பேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு நம்மிடம் பேச இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். வாடகை அறையில் விளக்கைப் போட்டதும் முதலில் அவற்றைத்தான் திரும்பக் கேட்பேன். வேறு குரல் அந்த அறையில் இல்லை.

வரைவதற்கு ஒரு சனிக்கிழமை வந்தேன். பகாவ் இரும்புக்கடையில் வாங்கிய சுண்ணாம்பு மூட்டைகளை லோரிக்காரர் ஒருவர் இறக்கிவிட்டுப் போனார். மண்டோர் கயிறும் முளைக்குச்சிகளும் கொடுத்தார். கால்வாய்த் துண்டிலிருந்து கயிறு பிடித்து, லயத்தின் பின்புறக் கோட்டை முதலில் கண்டுபிடித்தேன். மற்றது எனக்குப் பழகிய வேலைதான்: பத்தி பிரிப்பது போல வீடு பிரிப்பது. அஞ்சடி, முன்கூடம், அறை, சமையல்கட்டு. வாசலுக்கு இடைவெளி. பால் டின்னில் ஓட்டை போட்டு அதில் சுண்ணாம்பைக் கொட்டித் தட்டிக்கொண்டே நடந்தேன். வெயில் ஏற ஏற வெள்ளைக் கோடு கண்ணைக் கூசவைத்தது. கீழத்து லயத்திலிருந்து சிலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. வேலையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நின்றிருக்கிறார்கள்.

மோட்டாரில் போன ஒருவர் வேகம் குறைத்தார். செம்பனைக் குலை அறுப்பவர். முன்பு நாலாம் வீட்டில் இருந்தவர்.

"அளக்குறீங்களா டீச்சர்?"

"ஆமாண்ணே."

"எத்தன வீடு?"

"இருவது."

"எப்ப?"

"நாளைக்குக் காலையில. எல்லாரையும் வரச் சொல்லுங்கண்ணே."

அவர் என்ஜினை நிறுத்தவேயில்லை. மோட்டாரை அங்கேயே திருப்பி, வந்த வழியே வேகமாகப் போனார். வேலைக்கு அல்லவா போய்க்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். மறுபடியும் டின்னைத் தட்ட ஆரம்பித்தேன்.

பதினெட்டாம் வீட்டைக் கடைசியாக வரைந்தேன். முடித்த பிறகும் உள்ளே போகவில்லை. எல்லாரும் அவரவர் வீட்டில் நிற்கும்போது நானும் நிற்பது என்று வைத்திருந்தேன். கீழத்து லயத்தில் அக்காவின் வீட்டில் தங்கச் சொன்னார்கள். உள்ளறையில் எனக்குப் பாய் விரித்தார்கள். அக்காவின் மகனும் மருமகளும் கைக்குழந்தையோடு அஞ்சடிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். "எனக்காகவா?" என்று கேட்டதற்கு, "தெனமும் அங்கதான்," என்றார் அக்கா.

காலையில் எழுந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. அடுப்பின்மேல் கோப்பி மூடி வைத்திருந்தது.

லயம் இருந்த மேட்டில் ஏறியதும் நின்றுவிட்டேன். கோடுகளுக்குள் முழுக்க ஆட்கள். பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, குடை, மண்ணெண்ணெய் அடுப்பு. ஒரு வீட்டில் செங்கல்லைச் சாய்த்து அம்மன் படம் வைத்துப் பூவும் போட்டிருந்தார்கள். ஒருவர் கோழிக்கூடையோடு வந்திருந்தார். மண்டோர் ஆறாம் வீட்டில் வெள்ளைச் சட்டையோடு நின்றார். ஒருவரும் சுண்ணாம்பை மிதிக்கவில்லை. எல்லாரும் வாசல் வழியாகவே போய்வந்துகொண்டிருந்தார்கள். அதுவரை நான் செய்த எதற்கும் இத்தனை பேர் வந்ததில்லை. கேமராவை எடுத்தேன். ஃபிலிம் தீரும்வரை எடுத்தேன்.

பதினெட்டில் அக்காவின் மருமகள் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். நிழலுக்குத்தான் ஒதுங்கியிருக்கிறாள் என்று நினைக்க அங்கே மரம் எதுவும் இல்லை.

மண்டோர் என்னிடம் வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "ஏம்மா, நெலத்துக்கு கிராண்டுப் பத்திரம் எப்பக் குடுப்பாங்க? வீட்ட அவங்களே கட்டிக் குடுப்பாங்களா, நம்மளயே கட்டிக்கச் சொல்லுவாங்களா?"

"எந்த வீட்டங்க?"

அவர் கையை வீசிக் காட்டினார். "இதத்தான்."

தோட்டத்து ஆபீசில் அவர்களுக்கு ஒரு வாக்கு கொடுத்திருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து ஆள் வந்து மனை அளந்து கோடு போடும், ஆளுக்கு ஒரு வீடு என்று. அதற்காக எத்தனையோ மாதம் காத்திருந்தார்கள். அந்த நேரத்தில் நான் கோலாலம்பூரிலிருந்து அளவு நாடாவோடு வந்து, ஒவ்வொரு வீடாக உட்கார்ந்து, எத்தனை பேர், எத்தனை அறை என்று கேட்டிருக்கிறேன். கேசட்டுகளில் இருந்தவை ஞாபகங்கள் அல்ல, விண்ணப்பங்கள். என்னிடம் அவர்கள் பேசவே இல்லை. வரப்போகும் ஓர் ஆளிடம் பேசியிருக்கிறார்கள்.

"அண்ணே, இது அந்த அளவு இல்லங்க."

"அப்ப எந்த அளவு?"

"பழைய லயத்த அப்படியே வரைஞ்சேன். ஒரு… நிகழ்ச்சிக்கு. நீங்க எல்லாம் அவங்கவங்க வீட்ல நின்னு, முன்ன எப்படி இருந்துச்சுன்னு சொல்றதுக்கு."

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி அந்தப் பழைய குரலில் சொன்னார். "டீச்சரு ஆபீஸ் ஆளு இல்லயாம். இது சும்மா கோடாம்."

பதினோராம் வீட்டிலிருந்து ஒரு பெண், "அப்ப நான் மூணு ரூம்பு வேணும்னு சொன்னதெல்லாம்?" என்றாள்.

"நீயாச்சும் ரூம்பு. நான் செத்துப்போன எங்கம்மாவயும் சேத்துல்ல கணக்கு சொல்லியிருக்கேன்!" என்றார் குலை அறுப்பவர்.

"ஒங்கம்மா கேசட்ல உயிரோட இருப்பாங்க, போ லா," என்றார் இன்னொருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு கடைசி வீடு வரை போயிற்று. என் பக்கம் பார்த்ததும் நின்றது. கோபமாக யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஒருவர் எழுந்து பாயைச் சுருட்டினார். இன்னொருவர் குடையை மடக்கினார். அம்மன் படத்தை எடுக்கப் போன கிழவி, எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

"ஏன் எந்திரிக்கிறீங்க?" என்றார் அக்கா. எல்லாரும் திரும்பினார்கள். "ஒக்காருங்க. கோடு போட்டாச்சு, நாமளும் வந்து ஒக்காந்தாச்சு. அவனுங்க எப்ப வந்து போடுறது? இப்ப வந்து பாக்கட்டும்."

"இது படம் லா, அக்கா," என்றார் குலை அறுப்பவர்.

"எதுவா இருந்தா என்னா? கோடு கோடுதான."

பாய்கள் மறுபடி விரிந்தன. அடுத்து எந்த வீடு யாருக்கு என்ற பேச்சு வந்தது. பழைய எண்படி என்றால் சிலருக்கு ஒத்துவரவில்லை. பழைய குடும்பங்கள் சில பகாவுக்கும் சிரம்பானுக்கும் போய்விட்டன, அந்த வீடுகள் காலி. மண்டோர் ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகச் சொல்லி, யாருக்கு அவசரமோ அவர்களுக்கு விட்டுக்கொண்டே வந்தார். யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை. பதினேழு முடிந்தது.

"பதினெட்டு. காலி."

"பதினெட்டு எங்க வீடு," என்றேன்.

சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்பது எல்லாரும் பார்த்த பிறகுதான் தெரிந்தது. மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாதி எழுந்தாள். அக்கா அவளைக் கையமர்த்திவிட்டு என்னிடம் வந்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"ஒனக்குத் தோட்டத்துல யாரும்மா இருக்கா?"

"நான் இங்கதான்கா பொறந்தேன்."

"பொறந்த, சரி. செக்ரோல்ல பேரு இருக்கா?"

அன்று கிராணி அம்மாவிடம் இதையே சொன்னபோது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் கேட்டிருப்பார். நினைவு வைத்துச் சொன்னாரா, அந்த ஊரில் வீட்டைப் பற்றிப் பேச வேறு வார்த்தை இல்லாததால் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. குரல் மென்மையாகத்தான் இருந்தது.

"ஒனக்கு கே.எல்.ல வீடு இருக்கு. இதுங்க ரெண்டும் பச்சப் புள்ளய வச்சிக்கிட்டு அஞ்சடியில படுக்குதுங்க. நேத்து நீயே பாத்தியே."

பார்த்தேன்தான். கே.எல்.லில் எனக்கு இருப்பது வாடகை அறை என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? தலையாட்டினேன்.

மதியத்துக்கு மேல் ஆபீசிலிருந்து ஓர் ஆள் மோட்டாரில் வந்தார். இளைஞர். உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு, சிரிப்பதா அதட்டுவதா என்று தெரியாமல் நின்றார். "யாரு இந்தக் கோடெல்லாம் போட்டது?"

"நாங்கதான்," என்றார் மண்டோர்.

"நாங்கதான்," என்றார் அக்காவும்.

நான் கேமராப் பையோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன். அந்த ஆள் என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் என்னைக் காப்பாற்ற அப்படிச் சொன்னார்களோ, கோட்டைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டு சொன்னார்களோ. தொரையிடம் சொல்கிறேன் என்று அவர் கிளம்பினார். "சொல்லு. இருவது வீடுன்னு சொல்லு," என்று பின்னாலேயே கத்தினார்கள். சுண்ணாம்பு எத்தனை நாள் நிற்கும் என்று அங்கே யாரும் பேசவில்லை. பிறகு அவர்களுக்கு வீடு கிடைத்தது. அங்கே அல்ல, வெகு தூரத்தில் ஒரு தாமான் குடியிருப்பில், அதுவும் எல்லாருக்கும் இல்லை. நான் அந்தப் படங்களைக் காட்சிக்கு வைக்கவில்லை. கூடத்துக்காரர்கள் காரணம் கேட்டபோது வெளிச்சம் சரியில்லை என்றேன்.

அன்று கிளம்பும் முன் அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் பத்தொன்பதில் இல்லை, பதினெட்டில் மருமகளோடு இருந்தார். கோட்டைத் தாண்டிக் காலை வைக்கப் போனேன்.

"வாசல் அங்குட்டு இருக்கு டீச்சர்," என்றாள் மருமகள்.

சுற்றி வந்தேன்.

"செருப்ப அஞ்சடியிலயே விட்டுட்டு வாங்க. இப்பத்தான் கூட்டுனேன்."

கழற்றிவிட்டு உள்ளே போனேன். மண் காலில் சுட்டது. இதுதான் முன்கூடம். அப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தில் அவள் பாய் விரித்திருந்தாள். குழந்தை அதில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் ஓரமாக உட்கார்ந்தேன். சமையல்கட்டில் மண்ணெண்ணெய் அடுப்பை இடதுபக்க மூலையில் வைத்திருந்தாள். எங்கள் அடுப்பு வலதுபக்கம் இருந்தது. புகை பின்ஜன்னல் வழியாகப் போக வேண்டும் என்று அம்மா அங்கே வைத்திருந்தார்.

"அடுப்பு இங்கயே இருக்கலாமா டீச்சர்?"

"இருக்கலாம். நல்லாருக்கு."

பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் குவளைக்கு அடியில் சின்னத் தட்டு வைத்திருந்தாள். கேசட்டுப் பெட்டி பையில் இருந்தது, எடுக்கவில்லை. பத்தொன்பதாம் வீட்டுப் பக்கமிருந்து ரேடியோ கேட்டது. யாரோ அங்கே பேட்டரி ரேடியோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தேத்தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். தீர்ந்ததும் எழுந்தேன்.

"இருந்துட்டுப் போறது," என்றார் அக்கா.

"பஸ்ஸு போயிரும்கா. வரேன்."

"வா. அடிக்கடி வா."

பஸ் நிற்கும் சாலை பின்பக்கம் இருந்தது. சமையல்கட்டுச் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் போயிருக்கலாம். முன்வாசல் வழியாக வந்து அஞ்சடியில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, இருபதாம் வீட்டைச் சுற்றி நடந்தேன்.